ரெஸ்லிங் கேம்ல எந்த மேட்ச்ல எப்படி ஜெயிக்கிறது? புதுசா ஆடுறவங்களுக்கு

லேடர் மேட்ச்ல ஃபினிஷர் (ஒவ்வொரு ரெஸ்லருக்கும் இருக்குற ஸ்பெஷல் பெரிய அடி) போட்டு ஆளைச் சாய்ச்சுட்டு அவன் மேல படுத்து கவர் பண்ணப் பாக்குற ஆளுங்க நெறைய பேர் இருக்காங்க. ரெஃப்ரி திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு. உடனே "கன்ட்ரோலர் போயிடுச்சு போல"ன்னு பட்டனைப் போட்டு குத்துவாங்க. கன்ட்ரோலர் நல்லாத்தான் இருக்கு, அந்த மேட்ச்ல மேல படுத்து அமுக்கி ஜெயிக்கிற 'பின்'னே கிடையாது, அவ்ளோதான் விஷயம்.

டபிள்யூடபிள்யூஇ 2கேங்கிற ரெஸ்லிங் வீடியோ கேம் சீரிஸ்ல மேட்ச் செலக்ட் பண்ற ஸ்க்ரீனுக்குப் போனா நார்மல், எக்ஸ்ட்ரீம் ரூல்ஸ், ஃபால்ஸ் கவுண்ட் எனிவேர், ஹெல் இன் எ செல், அயர்ன் மேன், லேடர், லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங், ஸ்டீல் கேஜ், டேபிள், டிஎல்சின்னு லிஸ்ட் போய்க்கிட்டே இருக்கும். டிவில டென் ஸ்போர்ட்ஸ் காலத்துல இருந்து பாத்தவங்களுக்கு இந்தப் பேர்கள்ல பாதி பழகியிருக்கும், ஆனா பாக்குறது வேற, கைல கன்ட்ரோலரைப் புடிச்சு ஆடுறது வேற. இத்தனையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணனும்னு அவசியமே இல்ல. தெரு கிரிக்கெட்ல பேட்டும் பந்தும் அதேதான், ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டா இல்லையா, பந்து மாடிக்குப் போனா சிக்ஸா அவுட்டாங்கிறதுதான் தெருவுக்குத் தெரு மாறும், இங்கயும் அப்படித்தான். அடிப்படை மேட்ச் ஒண்ணுதான் இருக்கு, அதுல ஒரு ரூலைத் தூக்கிட்டாலோ புதுசா ஒண்ணு சேத்தாலோ வேற பேர் வந்துடும். அதனால முதல்ல அந்த நார்மல் மேட்ச்சை ஒழுங்காப் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் ஈஸி.

நார்மல் மேட்ச் முடியிறதுக்கு நாலு வழி. ஒண்ணு பின். எதிராளியோட ரெண்டு தோளும் மேட்ல படுற மாதிரி அமுக்கிப் புடிச்சு, ரெஃப்ரி மூணு தடவை தட்டினா ஜெயிச்சாச்சு. படுத்திருக்கிறவன் மூணுக்குள்ள உதறி எழுந்தா அது கிக்-அவுட். இந்தக் கிக்-அவுட்டை கேம்ல எப்படிப் பண்றதுங்கிறதுதான் வருஷத்துக்கு வருஷம் மாறிக்கிட்டே வருது, 2கே16ல இருந்து 2கே20 வரைக்கும் வட்டமா ஒரு மீட்டர் வரும், சரியான இடத்துல வரும்போது கரெக்டா பட்டனைத் தட்டணும். 2கே22ல அதைத் தூக்கிட்டு பட்டனை வேக வேகமா அமுக்குற முறையக் கொண்டாந்தாங்க. ரெண்டுலயுமே அடி எவ்ளோ வாங்கியிருக்கீங்களோ அவ்ளோ கஷ்டம், அதனால மேட்ச் ஆரம்பிச்ச உடனே கவர் பண்றது வேஸ்ட், ஒண்ணுலயே உதறிடுவான்.

ரெண்டாவது சப்மிஷன். கையையோ காலையோ கழுத்தையோ மடக்கிப் புடிச்சு வலி தாங்காம அவனையே தட்ட வைக்கிறது, அதைத்தான் டேப் அவுட்னு சொல்றாங்க. இதுக்கு ஒரு சின்ன விஷயம் இருக்கு, கால் லாக் போட்டு ஜெயிக்கணும்னா மேட்ச் முழுக்கக் காலையே அடிக்கணும். உடம்புல எந்தப் பாகத்துக்கு எவ்ளோ அடின்னு கேம் தனித்தனியா கணக்கு வெச்சிருக்கும். தலையிலயே குத்திட்டு கடைசில கால் லாக் போட்டா சிரிச்சுக்கிட்டே தப்பிச்சிடுவான்.

பின்னோ சப்மிஷனோ, படுத்திருக்கிறவன் கை கால் கயித்துல பட்டுட்டா ரெஃப்ரி விடச் சொல்லுவாரு. ரோப் பிரேக். புதுசா ஆடுறவங்க இதுல நெறைய ஃபினிஷரை வீணாக்குவாங்க, கஷ்டப்பட்டு மீட்டரை நிரப்பி கயித்துப் பக்கத்துலயே ஃபினிஷரைப் போட்டு அங்கயே கவர் பண்ணி, ரெண்டு எண்ணும்போது அவன் கால் கயித்துல இருக்கும். ஆளை நடு ரிங்குக்கு இழுத்துட்டு வந்து கவர் பண்ணுங்க, இப்படி இழுக்குறதுக்குன்னே தனி பட்டன் இருக்கு.

மூணாவது கவுண்ட் அவுட். ரிங்குக்கு வெளில இறங்கினா ரெஃப்ரி பத்து வரைக்கும் எண்ணுவாரு, அதுக்குள்ள உள்ள வரலைன்னா தோல்வி. ரெண்டு பேருமே வெளில மாட்டிக்கிட்டா ரெண்டு பேருக்குமே இல்ல, மேட்ச் டிரா. உள்ள ஒரு தடவை உருண்டு வந்துட்டு திரும்ப வெளில போனா எண்ணிக்கை முதல்ல இருந்து ஆரம்பிக்கும், டிவில அனுபவசாலிங்க இதைப் பண்றதைப் பாத்திருப்பீங்க.

நாலாவது டிஸ்குவாலிஃபிகேஷன், சுருக்கமா டிக்யூ. ரெஃப்ரி கண்ணு முன்னாடி சேரால அடிச்சா, வெளி ஆள் உள்ள வந்து உதவி பண்ணினா, கயித்துல வெச்சு நெரிக்கிறவன் அஞ்சு எண்றதுக்குள்ள விடலைன்னா மேட்ச் அடி வாங்கினவனுக்குப் போயிடும். "கண்ணு முன்னாடி"ங்கிறதுதான் முக்கியம், ரெஃப்ரி அடிபட்டு கீழ கெடந்தாருன்னா நீங்க சேர் எடுத்தா கேக்க ஆளில்ல. இன்னொரு விஷயம், சாம்பியன்ஷிப் மேட்ச்ல கவுண்ட் அவுட்லயோ டிக்யூவிலயோ சாம்பியன் தோத்தாலும் பெல்ட் கை மாறாது. வில்லன் சாம்பியன்கள் மேட்ச் கையை மீறிப் போனதும் பெல்ட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு கிளம்பிப் போறது இதுக்காகத்தான்.

இதுல இருந்து ஒவ்வொண்ணா கழிச்சுப் பாருங்க. டிக்யூவையும் கவுண்ட் அவுட்டையும் எடுத்துட்டா எக்ஸ்ட்ரீம் ரூல்ஸ், நோ ஹோல்ட்ஸ் பார்ட் இந்த குரூப். ரிங்குக்கு அடியில இருந்து கெண்டோ ஸ்டிக், சேர், ஸ்லெட்ஜ்ஹாமர் எதை வேணா எடுக்கலாம். பின் பண்றது ரிங்குக்குள்ளதான் இருக்கணுங்கிற ரூலையும் தூக்கிட்டா ஃபால்ஸ் கவுண்ட் எனிவேர், ரிங்குக்கு நடந்து வர்ற ரேம்ப்ல சாய்ச்சா ரேம்ப்லயே கவர் பண்ணிக்கலாம். பின்னைத் தூக்கிட்டு டேப் அவுட் மட்டும் வெச்சா சப்மிஷன் மேட்ச். பாத்தீங்களா, லிஸ்ட்ல இருந்த மூணு நாலு மேட்ச் இதுலயே முடிஞ்சிடுச்சு.

டேபிள் மேட்ச்ல நிலைமை வேற. பின், டேப் அவுட் எதுவும் கிடையாது, நீங்க போடுற ஒரு மூவ்ல எதிராளி மேல விழுந்து மேஜை உடையணும், ஒரே ஒரு தடவை, அதோட முடிஞ்சுது. அதனால பிக் ஷோ மாதிரி மலையையும் ரே மிஸ்டீரியோ ஜெயிச்சிடலாம். மேஜையை முன்னாடியே விரிச்சு வெச்சுட்டு சண்டை போட்டா அது எதிராளிக்கும்தான் வசதி, அதை மறந்துட்டு விரிச்சு வெச்சவனே உள்ள போய் விழுறதுதான் இந்த மேட்ச்சோட வேடிக்கை.

லேடர் மேட்ச்ல பெல்ட் மேல தொங்கும், ஏணி போட்டு ஏறி அதைக் கழட்டணும். 1994ல ரெசில்மேனியா 10ல ஷான் மைக்கேல்ஸும் ரேசர் ரேமனும் போட்ட மேட்ச்தான் இந்த வகைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. கேம்ல ஏணியை எடுத்து பெல்ட்டுக்கு நேர் கீழ வெக்கணும், கொஞ்சம் தள்ளி வெச்சா கை எட்டாது. மேல போனதும் ஒரு மினி கேம் வரும், அதை முடிக்கிறதுக்குள்ள கீழ இருக்கிறவன் எழுந்து ஏணியைத் தள்ளிவிட்டுடுவான். அதனால இந்த மேட்ச்ல ஃபினிஷர் ஜெயிக்கிறதுக்காக இல்ல, நேரம் வாங்குறதுக்காக. ஃபினிஷர் போட்டுட்டு ஏணியைத் தேடி அலையாதீங்க, முதல்ல ஏணியை நடுவுல நிறுத்துங்க, அப்புறம் ஃபினிஷர், உடனே ஏறுங்க. டிஎல்சின்னா மேஜை, ஏணி, சேர் மூணும் சேந்தது, ஆனா ஜெயிக்கிறது அதே மாதிரி மேல தொங்குறதை எடுத்துதான். 2000 சம்மர்ஸ்லாம்ல ஹார்டி பாய்ஸ், டட்லி பாய்ஸ், எட்ஜ் கிறிஸ்டியன் மூணு டீமும் சேந்து ஆடினதுதான் முதல் டிஎல்சி. மனி இன் த பேங்க்ல பெல்ட்டுக்குப் பதிலா ஒரு பெட்டி தொங்கும், அதை எடுத்தவன் பிறகு ஒரு வருஷத்துக்குள்ள எப்ப வேணா சாம்பியன்கிட்ட போய் மேட்ச் கேக்கலாம். 2005ல முதல் பெட்டியை எடுத்தவர் எட்ஜ். 2006 ஜனவரில ஜான் சீனா எலிமினேஷன் சேம்பர்ல ஜெயிச்சு நிக்க முடியாம நிக்கிறப்ப வந்து பெட்டியைக் கொடுத்து பெல்ட்டைத் தட்டிட்டுப் போயிட்டாரு.

அடுத்து கூண்டு மேட்ச்கள். அதிகமா குழப்புறது இதுதான், ஏன்னா பாக்க எல்லாம் ஒரே மாதிரி கம்பி வேலிதான், ரூல்ஸ் மட்டும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர்.

ஸ்டீல் கேஜ்க்கு மேல கூரை கிடையாது. பின், சப்மிஷன் ரெண்டும் உண்டு, கூடவே தப்பிச்சு வெளில போனாலும் ஜெயிச்சாச்சு. கம்பில ஏறி அந்தப் பக்கம் இறங்கலாம், இல்ல கதவைத் திறக்கச் சொல்லி அது வழியா போலாம், எப்படிப் போனாலும் ரெண்டு காலும் தரையில படணும். 1986ல ரெசில்மேனியா 2ல ஹல்க் ஹோகன் கிங் காங் பண்டியை இப்படி வெளில இறங்கித்தான் ஜெயிச்சாரு. கேம்ல எதிராளி தெம்பா இருக்கும்போதே ஏறினீங்கன்னா அவன் பின்னாடியே ஏறி வந்து இழுத்துப் போட்டுடுவான், நல்லா அடிச்சு சாய்ச்சுட்டு ஏறுங்க.

ஹெல் இன் எ செல் அப்படியில்ல. அதுக்குக் கூரை உண்டு, ரிங்கைச் சுத்தி நடமாட இடமும் உள்ளயே இருக்கும். இங்க வெளில வந்தா ஒண்ணும் கிடைக்காது! கஷ்டப்பட்டு சுவரை உடைச்சு வெளில வந்து கை தூக்கி நிப்பாங்க புதுசுங்க, மேட்ச் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். பின்னோ டேப் அவுட்டோதான் கணக்கு. அப்ப எதுக்கு வெளில போறதுன்னா, கூரை மேல ஏறி அங்க இருந்து ஆளைத் தள்ளுறதுக்கு. 1997 அக்டோபர்ல பேட் பிளட் ஷோவுல ஷான் மைக்கேல்ஸும் அண்டர்டேக்கரும் முதல்முதலா இந்தக் கூண்டுக்குள்ள மோதினாங்க, கேன்ங்கிற ரெஸ்லர் கதவைப் பிச்சுக்கிட்டு அறிமுகம் ஆனது அன்னைக்குத்தான். அடுத்த வருஷம் 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க்ல, கிங் ஆஃப் த ரிங் ஷோவுல அண்டர்டேக்கர் மேன்கைண்டை அந்தக் கூரை மேல இருந்து தூக்கி எறிஞ்சு கீழ இருந்த கமெண்டேட்டர் டேபிள் மேல போட்டாரு. அந்த ஒரு காட்சியைத் திரும்பப் பண்ணிப் பாக்கணும்னே இந்த மேட்ச்சைப் போடுறவங்கதான் அதிகம், ஜெயிக்கிறது ரெண்டாம் பட்சம்.

எலிமினேஷன் சேம்பர்ல ஆறு பேர். ரெண்டு பேர் ஆரம்பிப்பாங்க, மிச்ச நாலு பேர் மூலைக்கு ஒருத்தரா சின்னக் கண்ணாடி அறைல அடைஞ்சிருப்பாங்க, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை ஒருத்தன் திறந்து வருவான். பின்னோ டேப் அவுட்டோ ஆனவன் அவுட், கடைசியா நிக்கிறவனுக்கு மேட்ச். 2002 நவம்பர்ல சர்வைவர் சீரிஸ்ல முதல் தடவை நடந்தப்ப ஷான் மைக்கேல்ஸ் ஜெயிச்சாரு. அடுத்த வருஷமே பிஎஸ்2வுக்கு வந்த ஹியர் கம்ஸ் த பெய்ன் கேம்ல இதைச் சேத்துட்டாங்க, நம்ம ஊர்ல மணிக்கணக்குக்குக் காசு வாங்கிட்டு பிஎஸ்2 ஆட விட்ட கடைகள்ல அந்த டிஸ்க் தேயத் தேய ஓடுச்சு.

வார்கேம்ஸ் இதுக்கும் மேல, ரெண்டு ரிங்கைப் பக்கத்துப் பக்கத்துல போட்டு ஒரே கூண்டைச் சுத்திக் கட்டிருப்பாங்க, மூணுக்கு மூணு இல்ல நாலுக்கு நாலு. 1987லயே டஸ்டி ரோட்ஸ் யோசிச்ச மேட்ச் இது, 2கே சீரிஸுக்கு 2கே23லதான் வந்துச்சு. ரெண்டு டீமும் மாத்தி மாத்தி ஒவ்வொரு ஆளா உள்ள வருவாங்க, எல்லாரும் உள்ள வர்ற வரைக்கும் பின் பண்ணினாலும் செல்லாது. அதனால ஆரம்பத்துலயே உயிரைக் குடுத்து ஆடாம ஃபினிஷரைச் சேத்து வெச்சுக்கிட்டு கடைசி ஆள் வந்ததும் இறக்குங்க.

ராயல் ரம்பிள் பத்திச் சொல்லாம இருக்க முடியுமா. 1988ல டிவில முதல்ல வந்தப்ப 20 பேர், அடுத்த வருஷத்துல இருந்து 30. ரெண்டு பேர்ல ஆரம்பிச்சு, கொஞ்ச நேரத்துக்கு ஒருத்தரா பஸ்ஸர் அடிக்க அடிக்க வந்துக்கிட்டே இருப்பாங்க. பின் கிடையாது, டேப் அவுட் கிடையாது, மேல் கயித்துக்கு மேலால வெளில விழணும், ரெண்டு காலும் தரையில படணும். இந்த "மேலால", "ரெண்டு கால்" ரெண்டையும் நல்லா மனசுல வெச்சுக்கோங்க. கயித்துக்கு நடுவால வெளில போனா அவுட் இல்ல. ஒரு கால் மட்டும் பட்டாலும் அவுட் இல்ல. 1995ல ஷான் மைக்கேல்ஸ் முதல் ஆளா வந்து கடைசில பிரிட்டிஷ் புல்டாக் தூக்கிப் போட்டப்ப கயித்தைப் புடிச்சுத் தொங்கி ஒரே ஒரு கால்தான் தரையில பட்டுச்சு, மத்தது அந்தரத்துல, அப்படியே உள்ள வந்து புல்டாக்கைத் தள்ளி ஜெயிச்சுட்டாரு. 1994ல பிரெட் ஹார்ட்டும் லெக்ஸ் லூகரும் ஒண்ணா விழுந்து யாரு முதல்லன்னு தீர்க்க முடியாம ரெண்டு பேரையும் ஜெயிச்சவங்கன்னு அறிவிச்சாங்க.

கேம்ல ரம்பிள் ஆடும்போது எல்லாரும் பண்றது, எதிர்ல வர்றவனை எல்லாம் உடனே தூக்கி வெளில போடப் பாக்குறது. தெம்பா இருக்கிறவன் ஈஸியா தப்பிச்சிடுவான், அந்த நேரத்துல நீங்க கயித்துப் பக்கத்துல நிக்கிறதுனால மூணாவது ஆள் வந்து உங்களைத் தூக்கிடுவான். யாரு நல்லா அடி வாங்கித் தள்ளாடுறானோ அவனைப் புடிங்க, மத்த நேரம் நடு ரிங்குலயே இருங்க. 2கே18ல இருந்து ஒரே நேரத்துல 8 பேர் வரைக்கும் ஸ்க்ரீன்ல இருக்கலாம், அதுக்கு முன்னாடி 6தான், ரிங் நிறைஞ்சிருந்தா யாராவது போனாதான் அடுத்தவன் வருவான். 30 பேர் நேரம் புடிக்கும், முதல் தடவை 10 பேர் வெச்சு ஆடிப் பாருங்க.

மூணு பேர் ஆடுற டிரிபிள் திரெட், நாலு பேர் ஆடுற ஃபேட்டல் ஃபோர் வே இதுல புரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. யாரோ ஒருத்தரை பின் பண்ணினா போதும், மேட்ச் அங்கயே ஓவர். அதாவது உங்களை யாரும் தொடாமலே நீங்க தோக்கலாம். 2015 ரெசில்மேனியா 31ல பிராக் லெஸ்னர் சாம்பியன், ரோமன் ரெய்ன்ஸோட மேட்ச் ஓடிட்டு இருக்கும்போதே சேத் ராலின்ஸ் மனி இன் த பேங்க் பெட்டியோட ஓடி வந்து அதை டிரிபிள் திரெட் ஆக்கி ரோமனை பின் பண்ணி பெல்ட்டைத் தூக்கிட்டுப் போனாரு, லெஸ்னரை யாரும் பின்னே பண்ணல. கேம்லயும் இதே பொழப்புதான், நீங்க ஒருத்தனைச் சாய்ச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பினா இன்னொருத்தன் வந்து அவனைக் கவர் பண்ணிட்டு இருப்பான், ஓடிப்போய்க் கலைக்கணும். ஒரு ஆளை வெளில தள்ளிட்டு உள்ள இருக்கிறவனைக் கவர் பண்றதுதான் வழி. டீமா ஆடுற டேக் டீம்ல ரிங்குக்குள்ள சட்டப்படி இருக்கிற ஆளை மட்டும்தான் பின் பண்ண முடியும், மூலைல கயித்தைப் புடிச்சுட்டு நிக்கிற பார்ட்னர் கையைத் தட்டினாதான் ஆள் மாறும். டேக்கே வேணாம் எல்லாரும் ஒண்ணா அடிச்சுக்கலாம்னா டொர்னாடோ டேக்.

எனக்குப் புடிச்சது அயர்ன் மேன். குறிச்ச நேரத்துக்குள்ள யாரு அதிக தடவை ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு மேட்ச். 1996ல ரெசில்மேனியா 12ல பிரெட் ஹார்ட்டும் ஷான் மைக்கேல்ஸும் 60 நிமிஷம் ஆடியும் பூஜ்யத்துக்கு பூஜ்யம், எக்ஸ்ட்ரா டைம்லதான் ஷான் ஜெயிச்சாரு. ஆனா மூளைய வெச்சு ஆடினது பிராக் லெஸ்னர், 2003 செப்டம்பர் ஸ்மேக்டவுன்ல கர்ட் ஆங்கிளோட. வேணும்னே சேரால ஆங்கிளை வெளுத்து டிக்யூ வாங்கி ஒரு பாயின்டைத் தானம் பண்ணிட்டாரு. ஆங்கிள் எழுந்திரிக்க முடியாம கெடந்த நேரத்துல வரிசையா பாயின்ட் எடுத்து, கடைசில 5க்கு 4னு பெல்ட்டையும் எடுத்துட்டாரு. நார்மல் மேட்ச்ல தோல்வி ஆகுற அதே டிக்யூ இங்க முதலீடு ஆயிடுச்சு பாருங்க. டிக்யூ ஆன்ல வெச்சு கேம்லயும் இதை முயற்சி பண்ணலாம், ஃப்ரெண்டு கூட ஆடினா சண்டை வரும், அது உங்க பாடு.

லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்ல பத்து எண்றதுக்குள்ள எழுந்திரிக்கலைன்னா தோல்வி. ரெஃப்ரி எண்ண ஆரம்பிச்சதும் போய்த் திரும்ப மிதிக்காதீங்க, எண்ணிக்கை கெட்டுடும், தள்ளி நின்னு வேடிக்கை பாருங்க. 2010ல சீனா பாடிஸ்டாவோட ரெண்டு காலையும் ரிங் போஸ்ட்டைச் சுத்தி டேப் போட்டு ஒட்டி எழுந்திரிக்க விடாமப் பண்ணி ஜெயிச்சது தனிக் கதை, கேம்ல அந்த வசதி இல்ல.

2கே24ல திரும்ப வந்த கேஸ்கட்டும் ஆம்புலன்ஸும் புரிய ரெண்டு வரி போதும், ஆளைச் சவப்பெட்டிக்குள்ள போட்டு மூடணும், இல்ல ஆம்புலன்ஸ்ல ஏத்திக் கதவைச் சாத்தணும், பின்னெல்லாம் கிடையாது. அதே கேம்ல ஸ்பெஷல் கெஸ்ட் ரெஃப்ரியும் வந்துச்சு. ஒருத்தர் ரெஃப்ரியாவே ஆடலாம், ஒருத்தனுக்கு வேகமா எண்ணலாம், இன்னொருத்தனுக்கு ஆற அமர எண்ணலாம். மூணு பேர் சேந்து ஆடுறீங்கன்னா இதைப் போடுங்க, ஆனா ரெஃப்ரியா நிக்கிறவன் யாருகிட்ட கடன் வாங்கியிருக்கான்னு முதல்லயே விசாரிச்சுக்கோங்க.